பேரங்காடிகளின் சமூக வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேரங்காடிகளின் வரலாற்றைப் பற்றிப் பேச்செடுத்தால், கேட்பவர் யாராக இருந்தாலும் எழும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஓரிடத்தில் விளக்கிய செய்தி மறுபடியும் தேவைப்படும்போது, அந்தக் கேள்வியின் எண்ணை மட்டும் குறித்திருக்கிறேன்.

1. பேரங்காடி என்பது ஒரு பெரிய கடை, அவ்வளவுதானே? அதற்கு ஏன் தனியாக ஒரு வரலாறு?

அளவு மட்டும் ஒரு கடையைப் பேரங்காடி ஆக்கிவிடாது. டிபார்ட்மெண்ட் ஸ்டோர் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவது, ஒரே உரிமையாளரின் பொறுப்பில், ஒரே கூரையின் கீழ், துணி, ஆயத்த ஆடை, கையுறை, தொப்பி, வீட்டுச் சாமான் என்று தனித்தனிப் பிரிவுகள் இயங்கும் கடையைத்தான். ஒவ்வொரு பிரிவுக்கும் தனிக் கணக்கும் தனிப் பொறுப்பாளரும் உண்டு. இதனோடு மூன்று வழக்கங்களும் சேர வேண்டும்: வாங்கும் எண்ணம் இல்லாதவரும் உள்ளே வரலாம், விலை பொருளின் மேலேயே எழுதப்பட்டிருக்கும், அது எல்லாருக்கும் ஒன்றே, பிடிக்காத பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம்.

இம்மூன்றில் முதலாவதே சமூக வரலாற்றுக்கு மிக முக்கியமானது என்பது என் கருத்து. பார்ப்பது வேறு, வாங்குவது வேறு என்று ஆனது அங்கேதான். சும்மா பார்த்துவிட்டுப் போக யாருக்கு அனுமதி இருந்தது, யாருக்கு இல்லை, அவர்கள் பார்ப்பதற்காக நாள் முழுவதும் கால் கடுக்க நின்றவர்கள் யார் என்ற கேள்விகள் எல்லாம் அதிலிருந்தே கிளம்புகின்றன.

2. உலகின் முதல் பேரங்காடி எது? சுற்றி வளைக்காமல் ஒரே பெயராகச் சொல்லுங்கள்.

ஒரே பெயர்தான் வேண்டும் என்றால் பாரிஸின் லெ போன் மார்ஷே. விதோ சகோதரர்கள் 1838இல் தொடங்கிய அந்தக் கடையில் 1852இல் அரிஸ்தீத் பூசிகோ பங்குதாரராகச் சேர்ந்தார். 1863இல் முழு உரிமையாளர் ஆனார். அவர் சேர்ந்தபோது ஆண்டு விற்பனை சுமார் ஐந்து லட்சம் பிராங்க். 1863இல் அது 70 லட்சம். அவர் இறந்த 1877இல் ஏழு கோடியை ஒட்டி இருந்தது. முதலாம் கேள்வியில் சொன்ன எல்லா வழக்கங்களையும் ஒன்றுசேர்த்து, அதற்கென்றே 1869 முதல் ஒரு கட்டடத்தையும் எழுப்பியவர் என்பதால் அவருக்கு இந்த முதலிடம்.

ஆனால் போட்டிக்கு வேறு சிலரும் உண்டு. நியூயார்க்கில் அலெக்ஸாண்டர் ஸ்டூவர்ட் 1846லேயே ‘சலவைக்கல் அரண்மனை’ என்று மக்கள் அழைத்த பெரும் துணிக்கடையைத் திறந்துவிட்டார். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பெயின்பிரிட்ஜ் கடை 1849இல் பிரிவுவாரியாக வரவுக் கணக்கு எழுதியிருக்கிறது. லண்டனின் பால் மால் தெருவில் 1796இல் தொடங்கிய ஹார்டிங் ஹவெல் கடையும் பிரிவு பிரிவாகவே விற்றது. இவர்களில் எவரும் மற்றவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டார் என்று சொல்வதைவிட, ஒரே நெருக்கடிக்கு ஒரே மாதிரியான வழியைக் கண்டார்கள் என்பதே பொருத்தம்.

3. அதற்கு முன்பு மக்கள் கடைக்கே போகவில்லையா?

போனார்கள், ஆனால் பார்க்கப் போகவில்லை. 18ஆம் நூற்றாண்டின் துணிக்கடையில் சரக்கு பெரும்பாலும் கடைக்காரருக்குப் பின்னாலிருந்த அடுக்குகளிலும் இழுப்பறைகளிலும் இருக்கும். வந்தவர் உட்கார்ந்து, தமக்கு என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டும். கடைக்காரர் எடுத்து விரித்துக் காட்டுவார். விலை ஆளைப் பார்த்துச் சொல்லப்படும். வாடிக்கையாளர் கணக்கு வைத்து மாதக்கணக்கில் பாக்கி நிறுத்துவார் என்பதால், அந்தப் பாக்கிக்கான வட்டியும் விலைக்குள்ளேயே மறைந்திருக்கும். வாசற்படி ஏறிவிட்டு வெறுங்கையோடு இறங்குவது மரியாதைக் குறைவு. பெருஞ்செல்வர்கள் கடைக்கே வராமல் வணிகரை வீட்டுக்கு வரவழைத்ததும் உண்டு.

இடைப்பட்ட கட்டமாகக் கண்ணாடிக் கூரையிட்ட கடைவீதிகள் தோன்றின. பாரிஸின் பசாஜ் தெ பனோராமா 1800ஆம் ஆண்டையும் லண்டனின் பர்லிங்டன் ஆர்கேட் 1819ஆம் ஆண்டையும் சேர்ந்தவை. மழையும் சேறும் குதிரை வண்டியும் இல்லாமல் கடைகளைப் பார்த்துக்கொண்டே நடப்பது என்ற பழக்கம் அங்கேதான் உருவானது. ஆனால் அங்கும் கதவைத் திறந்து உள்ளே போனால் பழைய விதிகள்தான்.

4. கறார் விலையைக் கண்டுபிடித்தவர் ஓர் அமெரிக்கர் என்று படித்தேன். சரிதானா?

பிலடெல்பியாவின் ஜான் வானமேக்கருக்கு அந்தப் பெருமையைத் தருபவர்கள் பலர். அவர் 1861இல் ஆண்களுக்கான ஆடைக்கடையையும், 1876இல் பழைய ரயில் சரக்குக் கொட்டகை ஒன்றில் பெரிய அங்காடியையும் திறந்தார். விலைச் சீட்டையும் பணம் திரும்பத் தரும் உறுதியையும் விளம்பரத்தின் மூலம் ஊரறியச் செய்தார். பரப்பியவர் என்பது சரி, கண்டுபிடித்தவர் என்பது மிகை.

17ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் குவேக்கர் சமயத்தார், ஒரு விலையைச் சொல்லி இன்னொரு விலைக்கு விற்பது பொய் சொல்வதற்குச் சமம் என்று கருதி ஒரே விலையில் விற்றார்கள். டோக்கியோ அப்போது எடோ என்று அழைக்கப்பட்ட காலத்தில், 1673இல் மிட்சுய் தகதோஷி தொடங்கிய எச்சிகோயா துணிக்கடை, பத்தாண்டுக்குப் பின் ‘ரொக்கம் மட்டும், கூட்டிச் சொல்லும் விலை இல்லை’ என்று அறிவித்துக்கொண்டது. பூசிகோவுக்கு ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகள் முன்பு நடந்தது இது. ஒருவருக்கு அறநெறி, இன்னொருவருக்கு வணிகத் தந்திரம், ஆனால் பழக்கம் ஒன்றே.

பேரங்காடிக்குக் கறார் விலை வேறொரு காரணத்தாலும் தேவைப்பட்டது. முதலாளியே கல்லாவில் உட்காரும் கடையில் பேரம் பேசலாம். நூற்றுக்கணக்கான இளம் பணியாளர்கள் விற்கும் இடத்தில் ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி விலையைக் குறைத்தால் கணக்கு நிற்காது.

5. விலையையும் குறைத்து, அரண்மனையும் கட்டி, எப்படி லாபம் பார்த்தார்கள்?

சரக்கை வேகமாகச் சுழலவிட்டுத்தான். முதல் 100 என்று வைத்துக்கொள்வோம். பழைய கடைக்காரர் 25 விழுக்காடு லாபம் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை சரக்கைத் தீர்த்தால் 25 கிடைக்கும். பேரங்காடிக்காரர் ஆறு விழுக்காடு மட்டுமே வைத்து, அதே முதலை ஆண்டில் ஐந்து முறை சுழற்றினால் 30 கிடைக்கும். ரொக்கத்துக்கு விற்பதால் பணம் பாக்கியில் முடங்காது. மொத்தமாக வாங்குவதால் ஆலைக்காரரிடமும் விலை குறையும்.

இந்தக் கணக்கில் அலமாரியில் தூங்கும் சரக்குதான் எதிரி. அதனால்தான் தள்ளுபடி விற்பனை இந்த வணிகத்தின் உயிர்நாடியாக இருந்தது. மந்தமான ஜனவரி மாதத்துக்குப் படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு முதலிய வெள்ளைத் துணிகளின் விற்பனையை ஒதுக்கியது அந்த நோக்கத்தில்தான். பாஸ்டனின் ஃபைலீன் அங்காடி 1909இல் தன் நிலவறையில் செய்தது இதன் உச்சம்: 12 விற்பனை நாட்களில் விற்காத பொருளின் விலையில் கால் பங்கு தானாகக் குறையும், மேலும் ஆறு நாட்களில் பாதி, இன்னும் ஆறு நாட்களில் முக்கால், 30 நாட்களுக்குப் பிறகும் கிடந்தால் தருமத்துக்குப் போய்விடும். இன்றே வாங்கலாமா, யாரும் எடுக்காமல் இருந்தால் அடுத்த வாரம் வரலாமா என்ற சூதாட்டத்தை வாங்குபவரின் தலையில் கட்டிய ஏற்பாடு இது.

6. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திடீரென்று எல்லா ஊர்களிலும் முளைத்தது ஏன்?

முந்தைய பதிலில் சொன்ன சுழற்சிக்கு நிறைய சரக்கும் நிறைய மனிதர்களும் ஒரே இடத்துக்கு வர வேண்டும். நூற்பாலைகளும் நெசவாலைகளும் சரக்கைக் குவித்தன. ரயில் அதைத் தலைநகரங்களுக்குக் கொண்டுவந்தது, வெளியூர் மக்களையும் கொண்டுவந்தது. பாரிஸில் 1853 முதல் 1870 வரை நகரின் நிர்வாகியாக இருந்த ஓஸ்மான் குறுகிய சந்துகளை இடித்து அகன்ற சாலைகள் போட்டார். குதிரைகள் இழுக்கும் பொது வண்டிகள் 1855இல் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்து நகரம் முழுவதும் ஓடின. அதே ஆண்டில் லூவ்ர் அங்காடியும், 1865இல் சாந் லசார் ரயில் நிலையத்தின் அருகே பிரின்தாம் அங்காடியும் திறக்கப்பட்டன. ரயில் நிலையத்துக்கும் அங்காடிக்கும் இருந்த நெருக்கம் தற்செயல் அல்ல. சம்பளம் வாங்கும் நடுத்தர வகுப்பு பெருகியதும், அந்தஸ்தை உடையிலும் வீட்டு அலங்காரத்திலும் காட்ட வேண்டும் என்று அது விரும்பியதும் மீதிக் காரணங்கள்.

7. கடைக்கு எதற்கு அரண்மனை போன்ற கட்டடம்?

வெளிச்சத்துக்காக என்பது முதல் காரணம். துணியின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் சரியாகப் பார்க்க முடியும். கனமான சுவர்களுக்குப் பதிலாக இரும்புத் தூண்களை நிறுத்தி, நடுவில் கண்ணாடிக் கூரையுள்ள முற்றங்களை விட்டால் ஆழமான கட்டடத்துக்குள்ளும் வெளிச்சம் இறங்கும். லெ போன் மார்ஷேயின் 1870களின் விரிவாக்கத்தில் கட்டடக் கலைஞர் புவாலோவுடன் குஸ்தாவ் ஈஃபெல் பணியாற்றியது இதற்காகவே. ஆனால் வெளிச்சத்துக்கு வேண்டியதைவிடப் பன்மடங்கு பெரிய படிக்கட்டுகளும் மாடங்களும் அங்கே இருந்தன. கூட்டம் தன்னைத்தானே வேடிக்கை பார்க்கவும் அவை பயன்பட்டன.

மேல் தளங்களுக்கு மக்களை ஏற்றுவது அடுத்த சிக்கல். நியூயார்க்கின் ஹாவட் பீங்கான் கடையில் 1857இல் எலிஷா ஓட்டிஸின் பயணியர் லிஃப்ட் பொருத்தப்பட்டது. லண்டனின் ஹாரட்ஸ் 1898இல் தோல் பட்டையால் ஆன நகரும் படிப்பாதையை அமைத்தபோது, ஏறி முடித்துத் தடுமாறியவர்களைத் தேற்ற மேலே பிராந்தி கொடுத்தார்கள். தெருப்பக்கத்துக் காட்சிக் கண்ணாடியை அலங்கரிப்பதும் தனித் தொழிலாயிற்று. ‘ஓஸ்’ நாட்டுக் கதையை எழுதிப் புகழ்பெற்ற ஃபிராங்க் பாம், அதற்கு முன்பு 1897இல் காட்சிச் சாளர அலங்காரத்துக்கென்றே ஓர் அமெரிக்கத் தொழில் இதழைத் தொடங்கி நடத்தியவர்.

8. பேரங்காடிதான் பெண்களுக்கு விடுதலை தந்தது என்கிறார்களே, நம்பலாமா?

பாதி நம்பலாம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டன், பாரிஸ், நியூயார்க் நகர மையங்களில் ஒரு நடுத்தர வகுப்புப் பெண், ஆண் துணையின்றி நாள் முழுவதும் இருக்கத்தக்க இடங்கள் மிகக் குறைவு. மனமகிழ் மன்றங்கள் ஆண்களுடையவை. உணவகங்களில் தனியாக வரும் பெண்ணைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். பெண்களுக்கான பொதுக் கழிப்பறைகள் அரிது. கழிப்பறை இல்லாத நகரத்தில் ஒரு பெண் எவ்வளவு நேரம் வெளியில் இருக்க முடியும் என்பதை நினைத்துப் பார்த்தால், பேரங்காடிகள் தந்த ஓய்வறை, கழிப்பறை, வாசிப்பறை, தேநீர்க் கூடம் ஆகியவற்றின் பெறுமதி விளங்கும். சிகாகோவின் மார்ஷல் ஃபீல்டு 1890இல் தேநீர்க் கூடத்தைத் திறந்தது. செல்ஃப்ரிட்ஜ் என்ற வணிகர் 1909 மார்ச் 15 அன்று லண்டனின் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் தன் அங்காடியைத் திறந்தபோது, பொழுதைக் கழிக்கவே வாருங்கள் என்பதை விளம்பரமாகவே செய்தார்.

இதைச் சமூகம் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. லண்டனின் வில்லியம் வைட்லி 1872இல் தம் அங்காடியின் உணவகத்துக்கு மது விற்கும் உரிமம் கேட்டபோது, அது கள்ளத் தொடர்புகளுக்குச் சந்திப்பிடம் ஆகிவிடும் என்ற அச்சத்தால் மறுக்கப்பட்டது.

மீதிப் பாதியை நம்ப வேண்டாம் என்பதற்குக் காரணம், அந்தச் சுதந்திரம் வாங்குபவர் என்ற அடையாளத்தோடு கட்டப்பட்டிருந்ததுதான். செலவழிக்கும் பணம் பெரும்பாலும் கணவருடையது. இதைப் பற்றி 15ஆம் கேள்வியில் விரிவாகப் பார்க்கலாம்.

9. அப்படியானால் வாக்குரிமைப் போராளிகள் இதே கடைகளின் கண்ணாடிகளை ஏன் உடைத்தார்கள்?

உடைத்தவர்கள் அந்தக் கடைகளின் வாடிக்கையாளர்களே. 1912 மார்ச் மாதத் தொடக்கத்தில் லண்டனின் மேற்குப் பகுதிக் கடைத் தெருக்களில் நன்றாக உடுத்திய பெண்கள் கைப்பையிலிருந்து சுத்தியலை எடுத்துக் காட்சிக் கண்ணாடிகளை நொறுக்கினார்கள். பெண்களுக்கு வாக்குரிமை தராத அரசு உடைமைகளை மட்டுமே மதிக்கிறது, எனவே உடைமையைத்தான் தொட வேண்டும் என்பது அவர்களின் வாதம். கடைக்காரர்கள் நெருக்கினால் அரசு இறங்கிவரும் என்பதும் கணக்கு.

இதில் சுவையான முரண் ஒன்று உண்டு. அந்த இயக்கத்தின் ஊதா, வெள்ளை, பச்சை நிறங்களில் தொப்பிகளையும் நாடாக்களையும் விற்றவையும், இயக்கத்தின் இதழ்களுக்கு விளம்பரம் தந்தவையும் பெரிய கடைகளே. கண்ணாடி உடைந்த பிறகும் சில கடைகள் விளம்பரத்தை நிறுத்தவில்லை. போராளிகளைவிட நல்ல வாடிக்கையாளர்கள் அவர்களுக்கு எளிதில் கிடைத்திருக்கமாட்டார்கள்.

10. வாங்க வந்தவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். விற்றவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்?

நின்றுகொண்டே வாழ்ந்தார்கள் என்றுதான் தொடங்க வேண்டும். பிரிட்டனில் பெண் பணியாளர்களுக்கு மூவருக்கு ஓர் இருக்கையாவது வைக்க வேண்டும் என்பதற்கே 1899இல் தனிச் சட்டம் தேவைப்பட்டது. இருக்கை வைத்தாலும், உட்கார்ந்தால் சோம்பேறி என்று மேற்பார்வையாளர் குறித்துக்கொள்வார் என்ற பயத்தில் அதைப் பலர் தொடவில்லை. பிரிட்டனின் பல கடைகளில் தங்கிவேலை முறை இருந்தது: கடைக்கு மேலேயோ அருகிலோ முதலாளியின் விடுதி, முதலாளியின் சாப்பாடு, இரவில் குறித்த நேரத்துக்கு மேல் அடைக்கப்படும் கதவு, தாமதத்துக்கும் தவறான பில்லுக்கும் அபராதம். சொந்த வீடில்லாததால் அந்த விடுதிகளில் தங்கிய ஆண்கள் பலர் வாக்குரிமையும் இழந்தார்கள். பதினான்கு வயதில் கடை வேலைக்கு வந்த மார்கரெட் பாண்ட்ஃபீல்டு, இந்த நிலைமைகளைப் புனைபெயரில் எழுதி அம்பலப்படுத்தித் தொழிற்சங்கத்தில் வளர்ந்து, 1929இல் பிரிட்டனின் முதல் பெண் அமைச்சரவை உறுப்பினர் ஆனார்.

ஒரு கைக்குட்டை விற்பனையை அருகிலிருந்து பார்த்தால் வேலையின் தன்மை புரியும். விற்பவர் பில்லை இரட்டைப் படியாக எழுதுவார். பணத்தையும் பில்லையும் சிறுவனோ சிறுமியோ ஓடிப்போய்க் காசாளரிடம் கொடுத்து மீதியை வாங்கிவர வேண்டும்; மேசைக்கு மேசை ஓடும் அந்தப் பிள்ளைகளில் பலர் பள்ளிக்குப் போக வேண்டிய வயதினர். பிறகு அவர்களின் இடத்தைக் காற்றழுத்தக் குழாய்கள் பிடித்தன: பணத்தைப் பித்தளை உருளையில் அடைத்துக் குழாய் வாயில் வைத்தால், அது சீறிக்கொண்டு நிலவறைக்குப் போய்ச் சில்லறையோடு திரும்பும். பணத்தைத் தொடும் கையும் பொருளைத் தொடும் கையும் வேறாக இருக்க வேண்டும் என்ற அவநம்பிக்கை இரண்டு முறைகளிலும் ஒன்றே.

பூசிகோவின் கடையில் நிலைமை ஒப்பீட்டளவில் மேல். 1869இல் பாரிஸ் துணிக்கடைப் பணியாளர்கள் ஞாயிறு விடுமுறைக்காகவும் வேலை நேரக் குறைப்புக்காகவும் வேலைநிறுத்தம் செய்த பிறகு, அவர் பல சலுகைகளை அளித்தார். 1876இல் சேமநிதி தொடங்கினார். கணவருக்குப் பின் நிர்வாகத்தை நடத்திய மார்கெரித் பூசிகோ, 1887இல் இறக்கும்போது சொத்தில் பெரும் பகுதியைப் பணியாளர்களுக்கும் அறப்பணிகளுக்கும் எழுதிவைத்தார். அதே கடையில்தான் விற்பனைக்கு ஏற்ற கமிஷன் முறை, ஒரே மேசையில் நிற்பவர்களை ஒருவருக்கொருவர் போட்டியாளராக்கியது. கருணையும் கண்டிப்பும் அங்கே ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்கள். அமெரிக்காவில் பெண்கள் உயர் பொறுப்புக்கு வந்ததும் உண்டு. மேசி அங்காடியில் மார்கரெட் கெட்செல் 1860களிலேயே கடை முழுவதற்கும் கண்காணிப்பாளராக இருந்தார். அவர் விதிவிலக்கு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

11. வசதியான வீட்டுப் பெண்கள் பேரங்காடிகளில் திருடினார்கள் என்பது உண்மையா, வெறும் வதந்தியா?

உண்மை. பொருளைக் கைக்கெட்டும் தூரத்தில் பரப்பிவைத்து, தொட்டுப் பாருங்கள் என்று அழைத்த பிறகு திருட்டு பெருகியதில் வியப்பில்லை. வியப்பு, அதற்குச் சமூகம் தந்த விளக்கத்தில் இருக்கிறது. ஏழைப் பெண் ஒரு நாடாவை எடுத்தால் அது திருட்டு; அதிகாரியின் மனைவி எடுத்தால் அது கிளெப்டோமேனியா என்னும் நோய். இந்த நோய்க் கருத்து 1816 முதலே மருத்துவத்தில் இருந்தாலும், பேரங்காடிகள் பெருகிய 1880களில்தான் பிரெஞ்சு மனநல மருத்துவர்கள் அதில் முழுமூச்சாக இறங்கினார்கள். பால் துபுய்சோன் 1902இல் அங்காடித் திருடிகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். மாதவிடாயும் கருப்பையும் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

கடைக்காரர்களுக்கும் இந்த விளக்கம் வசதியாகவே இருந்தது. நல்ல வாடிக்கையாளரைச் சிறைக்கு அனுப்பாமல் குடும்பத்தாரிடம் சத்தமின்றிப் பணம் வாங்கிக்கொண்டு முடிக்கலாம். அதே நேரத்தில், தங்கள் கடையின் கவர்ச்சி மனிதரை மயக்கும் அளவுக்கு வலியது என்று மருத்துவரே சான்று தருகிறார்!

12. சிறு கடைக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டா இருந்தார்கள்?

இல்லை. லண்டனில் வைட்லி இறைச்சி விற்பனையிலும் இறங்கியதும், 1876 நவம்பரில் அப்பகுதி இறைச்சிக் கடைக்காரர்கள் அவருடைய உருவ பொம்மையை ஊர்வலமாக எடுத்துச்சென்று எரித்தார்கள். 1880களில் அவருடைய அங்காடி பலமுறை தீப்பற்றியதில் யாருடைய கை இருந்தது என்பது அன்று பரவலாகப் பேசப்பட்டது. பாரிஸில் 1888இல் சிறு வணிகர்கள் சங்கம் கண்டு, பேரங்காடிகளின் மேல் கூடுதல் வரி கேட்டார்கள். ஜெர்மனியில் பிரஷிய அரசு 1900இல் அப்படி ஒரு வரியைக் கொண்டுவந்தது: பலவகைச் சரக்கு விற்று ஆண்டு விற்பனை நான்கு லட்சம் மார்க்கைத் தாண்டும் கடைகளுக்கு அது பொருந்தும். பேரங்காடிகள் அந்தச் சுமையில் பெரும்பகுதியைச் சரக்கு தரும் உற்பத்தியாளர்களின் மேல் தள்ளிவிட்டன.

ஜெர்மனியில் இந்த வெறுப்பு இன்னும் இருண்ட வழியில் சென்றது. வெர்ட்ஹைம், டீட்ஸ், ஷாக்கென் போன்ற பெரிய அங்காடிகள் யூதக் குடும்பங்களுடையவை. நாஜிக் கட்சி தன் 1920ஆம் ஆண்டுக் கொள்கை அறிக்கையின் 16ஆம் அம்சத்திலேயே பெரிய அங்காடிகளைப் பறித்துச் சிறு வணிகர்களுக்கு வாடகைக்கு விடுவோம் என்றது. 1933 ஏப்ரல் 1 அன்று யூதக் கடைகள் முன் காவல் நிறுத்திப் புறக்கணிப்பு நடத்தியது. ஆட்சிக்கு வந்தபின் அங்காடிகளை மூடவில்லை. ஆயிரக்கணக்கானோர் வேலை இழப்பார்கள் என்று அஞ்சி, 1933இல் டீட்ஸ் நிறுவனத்துக்குக் கடன் தரவும் சம்மதித்தது. மூடுவதற்குப் பதிலாக உரிமையாளர்களை வெளியேற்றியது. ஹெர்மன் டீட்ஸ் என்ற பெயர் ஹெர்டி என்று சுருங்கியது அப்படித்தான். சிறு வணிகருக்கு அதிலிருந்து எதுவும் கிடைக்கவில்லை.

13. ‘யார் வேண்டுமானாலும் வரலாம்’ என்பது எல்லாருக்கும் பொருந்தியதா?

பொருந்தவில்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் பேரங்காடியில் பணம் கொடுத்துப் பொருள் வாங்கலாம்; ஆனால் பல கடைகளில் ஆடையையோ தொப்பியையோ போட்டுப் பார்க்க முடியாது, உணவகத்தில் உட்கார முடியாது. வட மாநிலங்களில் வாங்குவதற்குத் தடை குறைவு, வேலை கிடைப்பதுதான் அரிது. துப்புரவுக்கும் லிஃப்ட் இயக்கவும் எடுப்பார்கள், விற்பனை மேசையில் நிறுத்தமாட்டார்கள். அதனால்தான் 1930களில் ‘வேலை தராத கடையில் வாங்காதே’ என்ற இயக்கம் எழுந்தது. 1934இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்த புளும்ஸ்டைன் அங்காடி அதற்குப் பணிந்து கறுப்பினப் பெண்களை விற்பனைக்கு எடுக்க ஒப்புக்கொண்டது.

1960 அக்டோபர் 19 அன்று அட்லாண்டாவின் ரிச்ஸ் பேரங்காடி உணவகத்தில் மாணவர்களோடு அமர்ந்து போராடியதற்காக மார்ட்டின் லூதர் கிங் கைது செய்யப்பட்டார். போராட்டத்துக்கு நீதிமன்றமோ தேர்தல் மேடையோ மட்டும் களமாக இல்லாமல் ஓர் அங்காடியும் களமானதற்குக் காரணம், எல்லாரையும் வரவேற்கிறோம் என்று அந்த வணிகமே சொல்லிக்கொண்டதுதான். சொன்ன சொல்லைக் காப்பாற்று என்று கேட்பது எளிது.

14. ஆசியாவில் இதெல்லாம் மேற்கத்தியரைப் பார்த்துச் செய்ததுதானே?

ஒரு பகுதி அப்படித்தான், முழுவதும் அல்ல. நான்காம் கேள்வியில் சொன்ன எச்சிகோயாவின் வழிவந்ததே மிட்சுகோஷி. 1904இல் தன்னைப் பேரங்காடியாக அறிவித்துக்கொண்டபோது அது மேலைநாட்டுக் காட்சி மேசைகளை ஏற்றது. கறார் விலையை யாரிடமும் கற்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. 1920களின் தொடக்கம் வரை அத்தகைய ஜப்பானிய அங்காடிகளில் வாசலிலேயே காலணியைக் கழற்றி ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். 1923 நிலநடுக்கத்துக்குப் பின் எழுந்த புதிய கட்டடங்களில் அந்த வழக்கம் மறைந்தது. ஒசாகாவில் 1929இல் ரயில் நிறுவனமே நிலையத்தின் மேல் ஹான்கியு அங்காடியைக் கட்டியது முற்றிலும் ஜப்பானியப் புதுமை.

ஹாங்காங்கில் 1900இல் சின்சியர் அங்காடியைத் தொடங்கிய மா யிங்-பியு, சிட்னியில் இருந்தபோது அங்குள்ள கடைகளைப் பார்த்துப் பழகியவர். பெண்களை விற்பனையில் நிறுத்த முடிவுசெய்தபோது அவருடைய மனைவியும் அவர்களில் ஒருவராக மேசைக்குப் பின்னால் நின்றார். வேடிக்கை பார்க்கவே கூட்டம் திரண்டது.

15. கடன் அட்டைக்கும் பேரங்காடிக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ரொக்கத்துக்கே விற்போம் என்று தொடங்கிய அங்காடிகள் பல, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நம்பகமான வாடிக்கையாளருக்குக் கணக்கு வைத்துக் கொடுத்தன. அமெரிக்கக் கடைகள் எண் பொறித்த உலோகக் காசுகளையும், 1930களில் பெயர் பொறித்த சிறு உலோகத் தகடுகளையும் அடையாளமாகத் தந்தன. 1950இல் வந்த டைனர்ஸ் கிளப் அட்டை, ஒரே கடைக்கான இந்த ஏற்பாட்டைப் பல நிறுவனங்களுக்கு விரித்தது.

கணக்கு யார் பெயரில் என்பதில்தான் சமூக வரலாறு இருக்கிறது. மனைவி வாங்கியதற்குக் கணவர் கடன்பட்டவரா என்ற வழக்கில், 1880இல், அன்று உச்ச நீதிமன்றமாகவும் இயங்கிய பிரிட்டனின் மேல் சபை டெபன்ஹாம் கடைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: தம் பெயரில் கடன் வாங்கக் கூடாது என்று கணவர் மனைவியைத் தடுத்திருந்தால், அது கடைக்காரருக்குத் தெரியாவிட்டாலும் அவர் பொறுப்பல்ல. இரண்டாண்டுக்குப் பின் வந்த சொத்துச் சட்டம்தான் மணமான பெண்ணுக்குத் தன் பெயரில் சொத்து வைத்திருக்கும் உரிமையை உறுதிப்படுத்தியது. அமெரிக்காவில் பாலினத்தையும் மண நிலையையும் காட்டிக் கடன் மறுப்பதை 1974ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்தது. எட்டாம் கேள்வியில் பாதி மட்டும் நம்பச் சொன்னதற்கு இதுவே ஆதாரம்.

16. சூப்பர் மார்க்கெட், மால், பேரங்காடி: மூன்றும் ஒன்றுதானா?

இல்லை. சூப்பர் மார்க்கெட்டின் அடிப்படை சுயசேவை. மெம்ஃபிஸ் நகரில் 1916இல் திறந்த பிக்லி விக்லி மளிகைக் கடையிலிருந்து அந்த வழி வருகிறது. மால் ஒரு கட்டடம். அதன் உரிமையாளர் இடத்தை வாடகைக்கு விடுகிறார், பொருள் விற்பதில்லை. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1956இல் விக்டர் க்ரூயென் வடிவமைத்த சவுத்டேல், முழுவதும் மூடப்பட்ட மால்களுக்கு முன்மாதிரி. அதன் இரு முனைகளையும் தாங்கி நின்றவை இரண்டு பேரங்காடிகள் என்பதால்தான் இந்தக் குழப்பம்.

17. இணையம்தான் பேரங்காடியைக் கொன்றதா?

இணையம் கடைசியில் வந்த அடி. கார் வைத்திருந்த குடும்பங்கள் புறநகர்களுக்குக் குடியேறியபோதே நகர மையக் கடைகளின் அடித்தளம் ஆட்டம் கண்டது. ஆறாம் கேள்வியில் சொன்ன ரயிலும் பொது வண்டியும் கூட்டத்தை ஓரிடத்தில் குவித்ததற்கு நேர் எதிரான போக்கு இது. டெட்ராய்ட்டின் ஹட்சன் அங்காடி தன் நகர மையக் கடையை 1983இல் மூடியது. அப்போது இணைய வணிகமே கிடையாது. 1962இல் வால்மார்ட், கே-மார்ட், டார்கெட் என்ற மலிவு விலைக் கடைகள் மூன்றும் பிறந்தன. இவற்றில் டார்கெட்டைத் தொடங்கியது மினியாபொலிஸின் டேட்டன் என்ற பேரங்காடி நிறுவனமே. குறைந்த லாபம், வேகமான சுழற்சி என்ற பூசிகோவின் கணக்கைச் சலவைக்கல்லும் தேநீர்க் கூடமும் இல்லாமல் இன்னும் மலிவாக நடத்தலாம் என்று அவர்களே கண்டுகொண்டார்கள். அமெரிக்காவின் சியர்ஸ் அங்காடி நிறுவனம் 2018இல் திவாலானதற்கும், டெபன்ஹாம்ஸ் கடைகள் 2021இல் மூடப்பட்டதற்கும் இணையம் காரணங்களில் ஒன்று; கடன் சுமையும் பழைய கட்டடங்களின் செலவும் மற்றவை.

18. ஆனால் பாரிஸிலும் டோக்கியோவிலும் இன்னும் கூட்டம் அலைமோதுகிறதே?

அலைமோதுகிறது. லெ போன் மார்ஷே இன்று எல்விஎம்எச் ஆடம்பரப் பொருள் குழுமத்தின் கையில் இருக்கிறது. 2005இல் மூடப்பட்ட பாரிஸின் சமாரித்தேன் பேரங்காடி 2021இல் ஒரு பகுதி விடுதியாகவும் ஒரு பகுதி அங்காடியாகவும் மறுபடி திறந்தது. எஞ்சி நிற்பவை பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளையும் ஆடம்பரப் பொருட்களையும் நம்புகின்றன. மலிவாக விற்றுப் பெருக வந்த வணிகம், விலை கூடியதை விற்றுப் பிழைக்கிறது.

உள்ளே பார்த்தால் அமைப்பும் மாறிவிட்டது. பல தளங்களில் இடத்தைத் தனித்தனி பிராண்டுகளுக்கு ஒதுக்கி, விற்பனையில் ஒரு பங்கை அங்காடி எடுத்துக்கொள்கிறது. சரக்கு பிராண்டுடையது, மீந்துபோனால் நட்டமும் அதனுடையது. மேசைக்குப் பின்னால் நிற்பவரும் பல சமயங்களில் அங்காடியின் பணியாளர் அல்லர். சம்பளம் தருவது ஒருவர், நடத்தை விதிகளை வகுப்பது இன்னொருவர். அங்காடி ஒரு தளத்தை மூடினால் அவருடைய வேலைக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு, பத்தாம் கேள்வியில் சொன்ன தங்கிவேலைக் காலத்தில் இருந்ததைவிடத் தெளிவற்ற பதிலே இன்று கிடைக்கிறது.